சண்டை ஓய்ந்த பிறகு: வளர்ந்த வீடு நமக்குக் கற்றுத்தந்தது என்ன?

சண்டை முடிந்துவிட்டது என்று கணவன் நினைக்கிறான். மனைவிக்கோ அது இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

விஷயம் சின்னதுதான். ஒரு பில்லைக் கட்டாமல் விட்டது யார் என்பதில் ஆரம்பித்து, "நீ எப்பவுமே இப்படித்தான்" என்பதில் போய் நின்றது. இரண்டு பேர் குரலும் உயர்ந்தது. கடைசியில் அவன் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டான். அவன் வளர்ந்த வீட்டில் அப்பாவும் அம்மாவும் கத்துவார்கள், ஆளுக்கொரு பக்கம் போவார்கள், அரை மணி நேரத்தில் யாராவது ஒருவர் வந்து வேறு எதையோ பேச ஆரம்பிப்பார். அதோடு சரி. அதனால் அவனுக்கு மௌனம் என்றால் சூடு ஆறுகிறது என்று பொருள்.

அவள் வளர்ந்த வீட்டில் யாரும் கத்தியதில்லை. கோபம் வந்தால் அப்பா பேச்சை நிறுத்திவிடுவார். மூன்று நாள் போகும், சில சமயம் மூன்று வாரம்கூடப் போகும். அந்த நாட்களில் பிள்ளைகள் காலடிச் சத்தம் கேட்காமல் நடக்கப் பழகியிருந்தார்கள். அவளுக்கு மௌனம் என்றால் தண்டனை. எனவே எழுந்து போனவனின் பின்னாலேயே போய், "பேசிட்டுப் போ" என்கிறாள். ஐந்து நிமிடம் நிம்மதியாக உட்காரக்கூட விடமாட்டேன் என்கிறாளே என்று அவனுக்கு இன்னும் எரிச்சல் ஏறுகிறது. பில் இப்போது இருவருக்கும் ஞாபகத்தில் இல்லை.

"வளர்ப்பு அப்படி" என்று ஒற்றை வரியில் நாம் சொல்லிவிட்டுப் போகும் இந்த விஷயம் உண்மையில் எப்படி வேலை செய்கிறது? அப்பா கத்தினார், அதனால் மகன் கத்துகிறான். அம்மா அழுதாள், அதனால் மகள் அழுகிறாள். பெரும்பாலும் இந்த நேர்க்கோட்டைத்தான் மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறோம். அது பாதிதான் உண்மை என்பது என் எண்ணம். கடந்த அறுபது ஆண்டுகளில் வந்த ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் மீதிப் பாதி தெரிகிறது. வளர்ந்த வீட்டிலிருந்து சண்டை போடும் விதத்தை எவ்வளவு எடுத்து வருகிறோமோ தெரியாது. சண்டைக்கு அப்புறம் என்ன நடக்கும் என்ற எதிர்பார்ப்பை மட்டும் கட்டாயம் எடுத்து வருகிறோம்.

பார்த்துப் பழகுவது

நேர்க்கோட்டுக்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. 1961-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் படித்த 72 குழந்தைகளை வைத்து உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா ஒரு பரிசோதனை செய்தார். காற்றடைத்த ஒரு பெரிய பொம்மையை ஒரு பெரியவர் குத்துகிறார், சுத்தியலால் அடிக்கிறார், திட்டுகிறார். அதைப் பார்த்த குழந்தைகளை அதே பொம்மையோடு விட்டபோது, பலர் அதே அடியை, அதே வார்த்தைகளை அப்படியே திருப்பிச் செய்தார்கள். செய்யச் சொல்லி யாரும் கற்றுத்தரவில்லை, செய்ததற்கு மிட்டாயும் கொடுக்கவில்லை. பார்த்ததே போதுமானதாக இருந்தது.

ஆனால் அது சில நிமிடங்களுக்குப் பிறகு, அதே பொம்மையிடம் செய்தது. இருபது முப்பது வருடம் கழித்து, வாழ்க்கைத் துணையிடம், அதுவும் களைத்துப்போன ஒரு ராத்திரியில் என்ன நடக்கும் என்பதற்கு அந்தப் பொம்மை பதில் சொல்லாது. தவிர, பார்த்ததை அப்படியே செய்பவர்களைப் போலவே, அதற்கு நேர் எதிராகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். "எங்க அப்பா மாதிரி நான் ஆகவே மாட்டேன்" என்று பதினைந்து வயதில் சபதம் எடுத்தவன், குரலை உயர்த்தக் கூடாது என்பதற்காக எதையுமே வாய்விட்டுச் சொல்லாத கணவனாகிவிடுவதைப் பார்த்திருக்கலாம். அப்பாவைப் போல இல்லைதான். ஆனாலும் அவன் ஒவ்வொரு சண்டையிலும் அப்பாவைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான்.

அப்படியானால் குழந்தை வேறு எதைப் பார்க்கிறது? இங்கேதான் மார்க் கம்மிங்ஸ் என்ற ஆய்வாளரின் பணி முக்கியமாகிறது. பெரியவர்கள் சண்டை போடுவதைக் குழந்தைகள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதையே பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தவர் அவர். நடிகர்களை வைத்துச் சண்டைக் காட்சிகளைக் காட்டினார், வீட்டில் நடப்பதைப் பெற்றோரையே குறிப்பெடுத்து எழுதச் சொன்னார். சண்டை ஒரு முடிவுக்கு வந்து, இருவரும் சமாதானமாகிவிட்டதைப் பார்த்த குழந்தைகளின் கலக்கம் வெகுவாகக் குறைந்தது. முடிவில்லாமல் அப்படியே விடப்பட்ட சண்டையைப் பார்த்தவர்களிடம் அது குறையவில்லை. பாதி சமாதானம் ஆனால், கலக்கமும் பாதியில் நின்றது. வாய் பேசாமல் முகத்திலேயே காட்டும் கோபமும் குழந்தைகளைப் பாதித்தது. சத்தம் வராவிட்டால் பிள்ளைக்குத் தெரியாது என்று நினைக்கும் பெற்றோர் ஏமாறுகிறார்கள்.

1994-இல் கம்மிங்ஸும் பேட்ரிக் டேவிஸும் இதையெல்லாம் சேர்த்து, 'உணர்வுப் பாதுகாப்பு' என்ற ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். பெற்றோர் சண்டை போடும்போது குழந்தை மனதுக்குள் கேட்பது "யார் பக்கம் நியாயம்?" என்று இல்லை. "இந்த வீடு நிற்குமா?" என்றுதான் கேட்கிறது. பதில் சண்டையின் சத்தத்தில் இருக்காது. அது முடிகிற விதத்தில்தான் இருக்கிறது.

இதில் ஒரு வேதனையான முரண் உண்டு. நல்ல எண்ணத்தோடு பல பெற்றோர் செய்வது என்ன? குழந்தை முன்னால் சண்டை ஆரம்பித்துவிடுகிறது. உடனே சுதாரித்து, "பிள்ளை முன்னாடி வேண்டாம்" என்று உள்ளறைக்குப் போய்விடுகிறார்கள். அங்கே பேசி, அழுது, மன்னிப்புக் கேட்டு, சரியாகிவிடுகிறார்கள். வெளியே இருக்கும் குழந்தைக்கு அது தெரியாது. வருடக் கணக்கில் அது கதைகளின் முதல் பாதியை மட்டுமே பார்த்து வளர்கிறது. சண்டை எப்படித் தொடங்கும், எப்படி ஏறும் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. எப்படி இறங்கும் என்று மட்டும் தெரியாது. கம்மிங்ஸின் பரிசோதனைகளில், மூடிய கதவுக்குப் பின்னால் நடந்த சமாதானத்தைப் பிற்பாடு குழந்தையிடம் சொன்னாலே பலன் இருந்தது. "நாங்க சண்டை போட்டோம், இப்போ சரியாயிட்டோம்" என்ற ஒரு வாக்கியத்துக்கு அவ்வளவு மதிப்பு. அதைச் சொல்ல ஏனோ பெரியவர்களுக்குக் கூச்சமாக இருக்கிறது.

'பழகிவிடும்' என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. சண்டை அதிகமுள்ள வீட்டில் வளரும் பிள்ளைக்கு அது மரத்துப்போகும் என்று நினைக்கிறோம். ஆய்வுகளில் தெரிவது நேர் எதிர். மறுபடி மறுபடி பார்த்த குழந்தைகள் இன்னும் சீக்கிரம், இன்னும் பலமாகக் கலங்குகிறார்கள். நாற்காலி நகரும் சத்தத்திலேயே இன்று என்ன நடக்கும் என்று கணிக்கத் தெரிந்த பிள்ளைகள் அவர்கள். பெரியவர்களான பிறகு, துணையின் முகம் லேசாக மாறினாலே "என்ன ஆச்சு? என்மேல கோபமா?" என்று கேட்பவர்களாகவோ, கேட்காமலே தயாராகிவிடுபவர்களாகவோ ஆகிறார்கள். துணை தலைவலியோடு உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

சண்டையே இல்லாத வீடு

அப்படியானால் சண்டையே பார்க்காமல் வளர்ந்தவர் அதிர்ஷ்டசாலியா? அவசியம் இல்லை. அங்கே இரண்டு வகை உண்டு. மனத்தாங்கல்கள் வந்து, அவற்றைத் தணிந்த குரலில் பேசித் தீர்த்த வீடு ஒன்று. எதையும் பேசாமல் அடியில் தள்ளிவிட்டு, 'நம் வீட்டில் சண்டையே கிடையாது' என்று பெருமைப்பட்டுக்கொண்ட வீடு இன்னொன்று. இரண்டாவது வீட்டிலிருந்து வருபவருக்குத் தன் வாழ்க்கையின் முதல் பெரிய சண்டை ஒரு விபத்தைப் போல இருக்கும். மற்றவர்களுக்கு அது இன்னொரு சாதாரண நாள். இவருக்கு உறவே முடிந்துவிட்டதோ என்ற பயம்.

இது ஊகம் மட்டும் இல்லை என்று காட்டும் ஒரு முடிவு 2001-இல் வந்தது. சமூகவியலாளர் பால் அமேட்டோவும் டேனல் டிபோயரும், பெற்றோரின் மணவாழ்க்கையும் பிள்ளைகளின் மணவாழ்க்கையும் எப்படித் தொடர்புபடுகின்றன என்று அமெரிக்கக் குடும்பங்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து எடுத்த தகவல்களை வைத்துப் பார்த்தார்கள். பெற்றோர் விவாகரத்து செய்திருந்தால், பிள்ளைகளின் மணமும் முறியும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. ஆனால் சண்டை போட்டுக்கொண்டே, பிரியாமல் இருந்துவிட்ட பெற்றோரின் பிள்ளைகளிடம் அந்த உயர்வு இல்லை. இன்னும் ஆச்சரியம் என்னவென்றால், பெரிய சச்சரவு எதுவும் வெளியே தெரியாமல் இருந்து, பிறகு பிரிந்த பெற்றோரின் பிள்ளைகளிடம்தான் முறிவு தொடரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது.

பார்த்ததை அப்படியே காப்பியடிக்கிறோம் என்றால் இது நடக்கக் கூடாது. சண்டை அதிகம் பார்த்தவர்கள்தானே அதிகம் பிரிய வேண்டும்? பிள்ளைகள் கற்றது வேறு பாடம். மனஸ்தாபம் வந்தால் உறவு தாங்குமா, தாங்காதா என்ற பாடம். அதற்காக, சகிக்க முடியாத மணத்தில் பிள்ளைகளுக்காகவே இருந்துவிடலாம் என்று இதைப் படிக்க வேண்டாம். ஓயாத சச்சரவில் வளரும் பிள்ளைகளுக்கு வேறு வகையில் கெடுதல் உண்டு என்பதையும் இதே துறை தெளிவாகச் சொல்கிறது.

உடம்பின் கணக்கு

தம்பதிகளின் சண்டையை நுணுக்கமாக அளந்தவர்களில் பெயர் பெற்றவர் ஜான் காட்மன். ராபர்ட் லெவன்சனோடு சேர்ந்து, தம்பதிகள் தங்களுக்குள் தீராத ஒரு விஷயத்தைப் பேசும்போது இதயத் துடிப்பையும் வியர்வையையும் முகபாவத்தையும் பதிவு செய்தார். 1986-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அவர் அமைத்த ஆய்வுக்கூடம் பார்ப்பதற்குச் சாதாரண அடுக்குமாடி வீடு போலவே இருக்கும். தம்பதிகள் அங்கே வந்து தங்குவார்கள், கேமராக்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

காட்மன் சொல்வதில் நம் விஷயத்துக்கு வேண்டியது ஒன்று. சண்டையில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால், அந்த ஆளுக்குக் காதில் விழுவதே சரியாக விழாது. நகைச்சுவை வராது, அடுத்தவர் கோணம் தெரியாது. சிலர் எகிறுவார்கள், சிலர் சுவர் போல உறைந்துவிடுவார்கள். உறைந்துபோனவரைப் பார்த்தால் அலட்சியமாக இருப்பது போலத் தோன்றும். உள்ளே இதயம் ஓடிக்கொண்டிருக்கும். அது இறங்கக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும், அதுவும் அந்த நேரத்தில் மனதுக்குள் பதில் வசனம் தயார் செய்யாமல் இருந்தால்.

வளர்ப்பு இங்கே எங்கே வருகிறது? எந்தச் சத்தத்துக்கு அலாரம் அடிக்க வேண்டும் என்பதை உடம்பு சின்ன வயதிலேயே கற்றுக்கொள்கிறது. உயர்ந்த குரலுக்குப் பின்னால் அடி விழுந்த வீட்டில் வளர்ந்தவருக்கு, துணை ஆர்வத்தில் குரலை உயர்த்தினாலே வயிறு இறுகும். எல்லோரும் ஒரே நேரத்தில் உரக்கப் பேசும் வீட்டில் வளர்ந்தவருக்கு அதே குரல் வெறும் பேச்சு. "நான் கத்தவே இல்லையே!" என்று ஒருவரும், "இதுக்குப் பேர் கத்தறது இல்லாம என்ன?" என்று இன்னொருவரும் சொல்லும்போது இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். அளவுகோல்தான் வேறு வேறு வீட்டில் செய்தது.

அந்த நான்கு நிமிடம்

பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் ஆகியோரின் பணியிலிருந்து வளர்ந்ததுதான் 'பிணைப்பு' பற்றிய கோட்பாடு. குழந்தை பயப்படும்போது ஓடிப்போய் ஒட்டிக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறாரா, ஒட்டிக்கொண்டால் ஆறுதல் கிடைக்கிறதா என்ற அனுபவமே, பிற்கால உறவுகளுக்கு ஒரு மாதிரி வரைபடமாகிறது என்கிறது அது. 1987-இல் சிண்டி ஹேசனும் பிலிப் ஷேவரும் இதைக் காதலுக்கும் மணவாழ்க்கைக்கும் பொருத்திப் பார்த்தார்கள். ஒரு நாளிதழில் கேள்விகளை வெளியிட்டு, வாசகர்களைப் பதில் எழுதச் சொன்னார்கள். நெருக்கத்தில் நிம்மதியாக இருப்பவர்கள் 56 சதவீதம், நெருங்கினால் விலகுபவர்கள் 25 சதவீதம், விட்டுப்போய்விடுவாரோ என்று தவிப்பவர்கள் 19 சதவீதம் என்று பதில்கள் பிரிந்தன.

இந்த மூன்று பெயர்களும் இன்று சமூக ஊடகங்களில் ராசிபலன் போல ஆகிவிட்டன. "நான் விலகும் வகை, என்னை மாற்ற முடியாது" என்று சொல்லிக்கொள்ள இது வசதியாக இருக்கிறது. ஆய்வாளர்கள் இவற்றை மாறாத முத்திரைகளாகப் பார்ப்பதில்லை. ஒரே ஆள் ஒரு துணையிடம் தவிப்பவராகவும், இன்னொருவரிடம் நிம்மதியாகவும் இருக்கலாம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1970-களின் நடுவில் தொடங்கிய ஒரு நெடுங்கால ஆய்வு, பிறந்ததிலிருந்து பிள்ளைகளைப் பின்தொடர்ந்தது. ஒரு வயதில் தாயோடு அவர்களுக்கு இருந்த பிணைப்பு எப்படிப்பட்டது என்று பதிவாகியிருந்தது. அவர்கள் இருபது வயதைத் தாண்டியபோது, காதல் துணையோடு ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து, தங்களுக்குள் பெரிதும் பிரச்சினையாக இருக்கும் ஒன்றைப் பேசச் சொன்னார்கள். இதுவரை எல்லோரும் செய்வதுதான். ஜெசிகா சால்வடோரும் அவரது குழுவினரும் கவனித்தது அதற்கு அடுத்ததை. சண்டைப் பேச்சு முடிந்ததும், நான்கு நிமிடம் தங்களுக்கு ஒத்துப்போகும் விஷயத்தைப் பேசும்படி அந்த ஜோடிகளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. சூடு ஆறுவதற்கான நேரம் அது. அந்தச் சில நிமிடங்களில் யார் திரும்பி வருகிறார்கள், யார் பழையதையே கிளறிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அவர்கள் அளந்தார்கள்.

குழந்தைப் பருவத்தில் உறுதியான பிணைப்பு இருந்தவர்கள் சண்டையிலிருந்து மீண்டு வருவதில் மேலாக இருந்தார்கள். பேசத் தெரியாத வயதில் நடந்தது, இருபது வருடம் கழித்து நான்கு நிமிடத்தில் தெரிகிறது. அடுத்த முடிவு இதைவிட நல்ல செய்தி. உறுதியான பிணைப்பு கிடைக்காமல் வளர்ந்தவர்களிலும், நன்றாக மீண்டு வரத் தெரிந்த துணை வாய்த்தவர்கள் இரண்டு வருடம் கழித்தும் சேர்ந்திருக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்கிறோம். தொட்டிலுக்கும் சுடுகாட்டுக்கும் நடுவில் இன்னொரு ஆள் வருகிறார் என்பதைப் பழமொழி கணக்கில் சேர்க்கவில்லை.

பெற்றோர் தங்களுக்குள் நடந்துகொண்டதைவிட, பிள்ளையிடம் நடந்துகொண்டது முக்கியமாக இருக்கலாம் என்பதற்கும் தடயம் உண்டு. அயோவா மாநிலக் குடும்பங்களை 1989 முதல் பின்தொடர்ந்த ராண்ட் காங்கரும் குழுவினரும், 193 குடும்பங்களின் தகவல்களை வைத்து 2000-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பதின்பருவத்தில் தங்களிடம் பரிவோடும் ஈடுபாட்டோடும் நடந்துகொண்ட பெற்றோர் வாய்த்தவர்கள், பிறகு தங்கள் காதல் துணையிடமும் பரிவாகவும் கடுமை குறைவாகவும் இருந்தார்கள். யோசித்தால் இது இயல்பாகவே படுகிறது. அப்பா அம்மா போடும் சண்டையில் பிள்ளை ஒரு பார்வையாளர். தன்னைத் திட்டிவிட்டு, பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நான் அவ்வளவு கத்தியிருக்கக் கூடாது" என்று அப்பா சொல்லும்போது அந்தச் சமாதானத்தில் பிள்ளைக்கே பங்கு இருக்கிறது.

இதன் நீண்ட நிழலைக் காட்டியது, ஆண்களை இளமையிலிருந்து முதுமைவரை பின்தொடர்ந்த ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வு. 1938-இல் தொடங்கிய அந்த ஆய்வின் தகவல்களை வைத்து ராபர்ட் வால்டிங்கரும் மார்க் ஷுல்ஸும் 2016-இல் எழுதினார்கள். சிறுவயதில் அரவணைப்பான வீட்டில் வளர்ந்த ஆண்கள், நடுவயதில் கசப்பான உணர்வுகளை மேலாகக் கையாண்டார்கள். எண்பது வயதை நெருங்கும்போதும் தாண்டிய பிறகும், மனைவியிடம் அதிகப் பாதுகாப்பை உணர்ந்தார்கள். அறுபது வருட இடைவெளியில் தொடர்பு பெரியதாக இருக்காது, சிறியதுதான். ஆனாலும் அழியவில்லை.

இரண்டு வீடுகள் மோதும்போது

வளர்ப்பைப் பற்றிப் பேசும்போது ஒரே ஆளைப் பற்றிப் பேசுவது போல ஆகிவிடுகிறது. சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும், அதாவது இரண்டு வீடுகள் வேண்டும். கட்டுரையின் தொடக்கத்தில் வந்த ஜோடியைப் போல ஒருவர் துரத்த, மற்றவர் விலக, விலகுவதால் துரத்தல் கூட, துரத்துவதால் விலகல் கூட என்று சுழலும் சண்டையை கலிஃபோர்னியாவின் உளவியலாளர் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். தனித்தனியாகப் பார்த்தால் இருவருமே தங்கள் பயத்துக்கு மருந்துதான் போடுகிறார்கள். ஒருவரின் மருந்து அடுத்தவருக்கு விஷமாகிறது.

பெண்தான் நச்சரிப்பாள், ஆண்தான் நழுவுவான் என்று இதை எளிதாக்கிவிடுவதுண்டு. கிறிஸ்டென்சனின் ஆய்வுகள் அதைக் கொஞ்சம் குலைத்தன. எந்த விஷயத்தில் யார் மாற்றம் கேட்கிறார் என்பதைப் பொறுத்தும் பாத்திரங்கள் மாறின. மனைவி மாற்றம் கேட்கும் விஷயத்தில் அவள் துரத்தினாள், அவன் நழுவினான். கணவன் மாற்றம் கேட்கும் விஷயத்தில் அந்தத் தெளிவான வேறுபாடு காணாமல் போனது. எனவே எல்லாவற்றையும் வளர்ப்பின் தலையில் கட்டிவிட முடியாது. இப்போதைய ஏற்பாட்டில் யாருக்கு வசதி, யாருக்குச் சுமை என்பதும் சண்டையின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. வீட்டு வேலை முழுவதும் ஒருவர் தலையில் இருந்தால், அவர் பேசத்தான் செய்வார். அதற்கு அவரது குழந்தைப் பருவத்தைத் தோண்ட வேண்டியதில்லை.

மூன்றாவது ஆள் ஒருவரும் அடிக்கடி சண்டைக்குள் இருப்பார். குடும்ப சிகிச்சை முன்னோடிகளில் ஒருவரான முர்ரே போவன் இதை முக்கோணம் என்றார். இருவருக்கிடையே பதற்றம் தாங்க முடியாமல் போனால், மூன்றாவது ஒருவரை இழுத்துக்கொள்கிறார்கள். பல வீடுகளில் அது பிள்ளை. "உங்க அப்பாகிட்ட போய் சொல்லு" என்று தூது போன பிள்ளைகளுக்கு இது புரியும். இரண்டு பக்கமும் வார்த்தைகளை மெருகேற்றி எடுத்துப் போகக் கற்றவர்கள், வளர்ந்த பிறகு தங்கள் சண்டையிலும் நேராகப் பேசாமல் தூதர் தேடுகிறார்கள். நண்பரிடம் சொல்வார்கள், அக்காவிடம் சொல்வார்கள். சொல்ல வேண்டிய ஆளிடம் மட்டும் சொல்வதில்லை.

இங்கே ஓர் எல்லைக்கோடு போட்டாக வேண்டும். அடி, மிரட்டல், பயத்தில் வைத்திருப்பது ஆகியவை இந்தக் கட்டுரை பேசும் 'சண்டை' இல்லை. அங்கே தேவை பாதுகாப்பு. அடித்தவரின் குழந்தைப் பருவம் காரணத்தை விளக்கலாம், அடி வாங்குபவர் அதற்காகக் காத்திருக்க வேண்டிய கடமை கிடையாது.

வளர்ப்பா, ரத்தமா?

இவ்வளவு சொன்ன பிறகு, இதற்கு எதிரான வலுவான சாட்சியையும் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. 2018-இல் ஸ்வீடன் நாட்டின் பதிவேடுகளை வைத்து ஒரு ஆய்வு வந்தது. பெற்ற வீட்டை விட்டு வேறு வீட்டில் தத்துப் பிள்ளையாக வளர்ந்த ஏறத்தாழ 20,000 பேரின் விவாகரத்து விவரங்களைப் பார்த்தார்கள். அவர்கள் தங்களை வளர்த்தவர்களை ஒத்திருந்தார்களா, பெற்றவர்களையா? பெற்றவர்களைத்தான். வளர்த்தவர்கள் பிரிந்தார்களா இல்லையா என்பது பிள்ளைகளின் பிரிவோடு ஒட்டவில்லை. அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் யார் தெரியுமா? அந்த நான்கு நிமிடத்தை அளந்த அதே ஜெசிகா சால்வடோர்.

சட்டென்று கோபம் வருவது, கவலைப்படும் சுபாவம், பொறுமைக் குறைவு போன்றவற்றில் மரபணுக்களுக்குப் பங்கு உண்டு என்பது தெரிந்ததே. அப்பாவின் முன்கோபம் மகனுக்கு வந்ததற்கு, மகன் அதைப் பார்த்து வளர்ந்ததும் காரணமாக இருக்கலாம், அதே சுபாவத்தோடு பிறந்ததும் காரணமாக இருக்கலாம். சாதாரணக் குடும்பத்தில் இரண்டையும் பிரித்தெடுக்க வழியில்லை, ஏனென்றால் பெற்றவர்களே வளர்க்கிறார்கள். வளர்ப்பைப் பற்றிய பழைய முடிவுகளில் எவ்வளவு உண்மையில் வளர்ப்பு என்ற கேள்வி அதனால் திறந்தே இருக்கிறது.

ஆனால் விவாகரத்து என்பது ஒரு சட்ட நிகழ்வு. ஒரு சண்டைக்குப் பிறகு யார் முதலில் பேசுவது, மன்னிப்பு எப்படிக் கேட்பது, சொல்லிக் காட்டாமல் இருப்பது எப்படி என்பதெல்லாம் அந்தப் பதிவேட்டில் வராது. சால்வடோரின் இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் படுவது இது: எவ்வளவு சீக்கிரம் கொதிப்போம் என்பதில் பிறப்புக்குப் பங்கு அதிகம் இருக்கலாம். எப்படி இறங்குவோம் என்பதில் கற்றுக்கொண்டதற்கு இடம் அதிகம். கற்றது என்றால், திரும்பவும் கற்கலாம்.

திரும்பக் கற்பது

மேரி மெய்ன் என்ற உளவியலாளர் 1980-களில் சகாக்களோடு சேர்ந்து ஒரு நேர்காணல் முறையை உருவாக்கினார். பெரியவர்களிடம் அவர்களது குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்பது அது. மதிப்பிடுவது என்ன நடந்தது என்பதை அல்ல, அதை எப்படிச் சொல்கிறார்கள் என்பதை. "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு ஒரு சம்பவம்கூட நினைவுக்கு வராதவர், சொல்ல ஆரம்பித்தால் இன்னும் அதே கோபத்தில் மூழ்கிப்போகிறவர், கடினமான கதையைக்கூட முன்னுக்குப் பின் முரணில்லாமல், பெற்றோரையும் மனிதர்களாகப் பார்த்துச் சொல்ல முடிகிறவர் என்று வேறுபாடுகள் தெரிந்தன. மோசமான வீட்டில் வளர்ந்தும் இந்த மூன்றாவது வகையில் சேர்ந்தவர்கள் உண்டு. அவர்களுடைய உறுதியை 'ஈட்டிய' உறுதி என்று ஆய்வாளர்கள் அழைக்கிறார்கள்.

சின்ன முயற்சிகளுக்கும் பலன் தெரிந்திருக்கிறது. உளவியலாளர் எலி ஃபிங்கலும் குழுவினரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் 120 தம்பதிகள் இரண்டு வருடம் பங்கெடுத்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு இரண்டாவது வருடத்தில் ஒரு எழுத்துப் பயிற்சி: சமீபத்திய சண்டையை, இருவருக்கும் நல்லது நினைக்கும் மூன்றாம் ஆள் ஒருவர் பார்த்தால் எப்படிப் பார்ப்பார் என்று எழுதுவது. ஒவ்வொன்றும் ஏழு நிமிடம், வருடத்தில் மூன்று தடவை. எழுதாதவர்களின் மணநிறைவு தொடர்ந்து இறங்கியது. எழுதியவர்களிடம் அந்த இறக்கம் நின்றது. சண்டைகளின் எண்ணிக்கை குறையவில்லை, சண்டையால் வரும் மனவருத்தம் குறைந்தது.

தம்பதிகளின் பிரச்சினைகளில் 69 சதவீதம் நிரந்தரமானவை, அதாவது தீராதவை என்கிறார் காட்மன். ஒருவர் நேரத்துக்குக் கிளம்புவார், மற்றவர் மாட்டார். இருபது வருடம் கழித்துப் பார்த்தாலும் அதே சண்டை இருக்கும். தீர்க்கத்தான் முடியாது என்றால், இறங்கி வருவது எப்படி என்பதுதானே மிச்சம் இருக்கும் திறமை?

அதற்கு நான் பரிந்துரைக்கும் கேள்வி ஒன்றே ஒன்று. சண்டை இல்லாத ஒரு நாளில் துணையிடம் கேட்க வேண்டியது: "உங்க வீட்ல சண்டை முடிஞ்சதும் என்ன நடக்கும்?" யார் முதலில் பேசுவார், மன்னிப்பு என்ற வார்த்தை வருமா, அல்லது ஒன்றுமே நடக்காதது போல அடுத்த வேலை நடக்குமா, எத்தனை நாள் ஆகும். இந்தப் பதில்களில் கிடைக்கும் விளக்கம் பத்துச் சண்டைகளில் கிடைக்காது. ஆனால் ஓர் எச்சரிக்கை. இப்படித் தெரிந்துகொண்டதைச் சண்டையின் நடுவில் எடுத்து வீசக் கூடாது. "நீ அப்படியே உங்க அம்மா மாதிரி" என்பது உளவியல் இல்லை, குத்திக் காட்டுவது. அந்த வாக்கியத்துக்குப் பிறகு பேச்சு முன்னேறிய சண்டையை நான் கேள்விப்பட்டதில்லை.

அந்த பில் ஜோடிக்கு வருவோம். இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்ட பிறகும் அவர்கள் சண்டை போடுகிறார்கள். அவன் இப்போதும் எழுந்துதான் போகிறான், ஆனால் கதவருகே நின்று, "அரை மணி நேரம் கொடு, வந்து பேசறேன்" என்கிறான். பின்னாலேயே போக அவளுக்கு இப்போதும் கால் பரபரக்கிறது. உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்கிறாள். 35-ஆவது நிமிடம் கதவு திறக்கிறது.

"அஞ்சு நிமிஷம் லேட்டு" என்கிறாள்.